நாச்சிக்கு எந்த வரம்? குணப்படுத்தும் மந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி

கோலாலம்பூரில் நாங்கள் சிலர் சேர்ந்து தமிழிலேயே ஒரு மேசை விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். பகடை, தாள், பென்சில், மீதியெல்லாம் பேச்சு: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி ஆடுவார்கள். ஒரு துறைமுகமும் அதற்குப் பின்னால் மலைக்காடும் உள்ள கற்பனைச் சிற்றரசுதான் களம். மாலுமி, ஒற்றன், வில்லாளி எல்லாரும் தயார். மருத்துவச்சி நாச்சி மட்டும் பாக்கி. அவளுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டு என்பதில் எல்லாருக்கும் சம்மதம். எந்த மாதிரி சக்தி என்பதில்தான் பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை வாக்குவாதம். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும் என்பதால் என் பக்கத்தை எழுதி வைக்கிறேன். இப்படி ஒரு பாத்திரத்தை வைத்துக் கதையோ விளையாட்டோ எழுதுகிற மற்றவர்களுக்கும் இதே கேள்வி வந்திருக்கும்.

எங்கள் முன்னால் இருப்பவை நான்கு. தொட்டவுடன் குணமாக்குவது, நோயைத் தன் உடம்புக்கு வாங்கிக்கொள்வது, காயம் ஆறும் காலத்தை விரைவாக்குவது, உடம்புக்குள் இருக்கும் கோளாறைக் காணும் கண். செத்தவரை எழுப்புவதையும் ஒருவர் சேர்க்கச் சொன்னார். அதை முதலிலேயே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. சாவு திரும்பப் பெறக்கூடியதாகிவிட்டால் மலையேறுவதிலும் கடல் கடப்பதிலும் பயம் போய்விடும். அதை வைத்தே தீரவேண்டும் என்றால் எவ்வளவு கவனமாக வைக்க வேண்டும் என்பதை ராமாயணத்தில் பார்க்கலாம். மருந்துமலையில் இருப்பது ஒரே மருந்து இல்லை. இறந்தவரை எழுப்ப ஒன்று, பிளந்த உடலைப் பொருத்த ஒன்று, தைத்த ஆயுதத்தை வெளியேற்ற ஒன்று, பழைய உருவத்தைத் திருப்பித் தர ஒன்று என்று கம்பர் நான்காகப் பிரிக்கிறார். மருந்தின் காற்று பட்டு வானரர்கள் எழுந்தார்கள் என்றால், அதே களத்தில் கிடந்த அரக்கர்கள் ஏன் எழவில்லை? வால்மீகி அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: செத்த அரக்கர்களின் கணக்கு தெரியக்கூடாது என்று ராவணன் உடல்களைக் கடலில் போடச் சொல்லியிருந்தான். வேலை முடிந்ததும் அனுமன் மலையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுகிறான். மந்திர மருந்து யாரைத் தொடும், எவ்வளவு நேரம் கையில் இருக்கும் என்ற இரண்டையும் அந்தக் கதை அடைத்துவிட்டது. எங்கள் குழுவுக்கு இன்னும் அந்தத் திறமை வரவில்லை. அதனால் வேண்டாம்.

மீதி நான்கையும் நான் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன். இந்த வகைக் கதைகளில் வைத்தியம் தெரிந்த பாத்திரம் மற்றவர்களுக்குக் கட்டுத்துணி மாதிரிதான் பயன்படுகிறது. அடிபட்டவன் கூப்பிட்டால் ஓடி வருவாள், கை வைப்பாள், ஒதுங்கி நிற்பாள். சிந்திப்பது, திட்டமிடுவது, தவறினால் வருந்துவது எல்லாம் மற்றவர்கள் வேலை. எனக்கு இது பிடிக்கவில்லை. நாச்சியை ஆடப்போகிறவர் மேசையில் மூன்று மணி நேரம் உட்காரப்போகிறார். அவருக்கு முடிவெடுக்க ஏதாவது இருக்க வேண்டும். எந்தச் சக்தி அதிகமான முடிவுகளை அவள் கையில் கொடுக்கிறதோ அதுவே நல்ல சக்தி.

தொட்டவுடன் குணமாக்குவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்ததான, 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அதை எண்ணாக்கிவிட்டது. அதில் பாலடின் என்ற வீரன் கை வைத்துக் காயம் ஆற்றுவான். அவன் எத்தனையாவது நிலையில் இருக்கிறானோ அதை ஐந்தால் பெருக்கினால் வருவதுதான் அவன் கொடுக்கக்கூடிய உயிர்ப்புள்ளிகளின், அதாவது உடல்நிலையைக் காட்டும் எண்ணின், கையிருப்பு. நீண்ட ஓய்வு எடுத்தால்தான் அது மறுபடி நிரம்பும். அதே விளையாட்டில், இறந்து ஒரு நிமிடத்துக்குள் இருப்பவரை எழுப்ப 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் கரைய வேண்டும். பத்து நாள் வரை ஆனவரை எழுப்ப 500 பொற்காசு வைரம். சண்டைக்கு நடுவே கணக்குப் போட வசதியான ஏற்பாடு, குறை சொல்ல முடியாது.

சண்டை முடிந்து ஊருக்குள் வந்த பிறகுதான் சிக்கல். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம், நாளைக்குப் பத்து மணி நேரம் என்று நாச்சி உழைத்தால் 600 பேரைத் தொடலாம். 2020 கணக்கெடுப்பில் கோலாலம்பூரின் மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த ஊரில் இருக்கும் ஒவ்வொருவரையும் ஒரே ஒரு தடவை தொட்டு முடிக்கவே ஒன்பது வருஷம் ஆகும். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி நம்பர் எடுத்து உட்கார்ந்தவர்களுக்கு வரிசையின் அருமை தெரியும். அங்கே யார் முதலில் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நாச்சியின் வாசலில் அந்த நம்பரைக் கொடுப்பது யார்? கொஞ்ச நாளில் அரசனின் காவலர்கள்தான் கொடுப்பார்கள். அதுவும் நல்ல கதைதான், ஆனால் அது வாசலில் நிற்கும் காவலரின் கதை. உள்ளே இருப்பவள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காய்ச்சலா, முறிவா, விஷமா என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. எல்லாவற்றுக்கும் அதே கை.

அடுத்தது, நோயைத் தான் வாங்கிக்கொள்வது. குழுவில் பாதிப் பேர் இதன் பக்கம். ஏன் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. பிள்ளைக்கு முடியாமல் போனபோது வேண்டிக்கொண்டு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துப் பத்துமலையின் 272 படி ஏறிய அம்மாக்கள் நம் எல்லார் குடும்பத்திலும் இருக்கிறார்கள். பிள்ளையின் நோவுக்குத் தன் உடம்பைக் கொடுப்பது நமக்குப் புதிது இல்லை. மகன் ஹுமாயூனின் நோயைத் தனக்குக் கொடுக்கும்படி பாபர் கட்டிலைச் சுற்றி வந்து வேண்டினார், பிறகு 1530-இல் பாபரே இறந்தார் என்ற கதையும், புரு தன் இளமையைக் கொடுத்துத் தந்தை யயாதியின் முதுமையை வாங்கிக்கொண்ட கதையும் அதே மனத்திலிருந்து வந்தவைதான்.

ஆனால் வேண்டுதல் என்பது அம்மா தானாக எடுப்பது. நாச்சிக்கு இந்தச் சக்தி இருப்பது ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது கடமையாகிவிடும். "உன்னால் முடியும், ஏன் செய்யவில்லை?" என்று கேட்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். மற்றவர்களுக்காக வலி தாங்கும் பெண்ணைத் தெய்வமாக்கி, தொடர்ந்து தாங்க வைக்கிற பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம். இன்னொரு தடவை அதே பாத்திரத்தை எழுத எனக்கு மனம் இல்லை. தவிர, இதில் அவள் எடுக்கக்கூடிய முடிவு ஒன்றே ஒன்றுதான்: இன்னும் எவ்வளவு தாங்குவது? மேசையில் அது இரண்டு கூட்டத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது.

இதிலேயே ஒரு மாற்றம் செய்தால் நான் யோசிப்பேன். தீக்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரல்களோடு சேர்த்து ஒருவரின் உள்ளங்கை அளவு அவருடைய தோலில் ஏறக்குறைய ஒரு சதவீதம். இரண்டு வயதுப் பிள்ளையின் மொத்தத் தோல் பரப்பு அரைச் சதுர மீட்டர் சொச்சம், பெரியவருக்கு 1.7 அளவில். பிள்ளைக்கு 20 சதவீதம் வெந்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து. அதே பரப்பு பெரியவர் உடம்பில் வந்தால் ஆறு சதவீதம். பத்துப் பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஓர் உள்ளங்கைகூட இல்லை. நாச்சி வாங்கிக்கொள்பவளாக இல்லாமல் பங்கு பிரித்துக் கொடுப்பவளாக இருந்தால், யார் யார் முன்வருவார்கள், யார் பின்வாசல் வழியாக நழுவுவார்கள் என்று ஒரு தெருவே கதைக்குள் வந்துவிடும். இதை வேறொரு பாத்திரத்துக்காக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாச்சிக்கு இல்லை.

இப்போது நான் ஆதரிக்கும் மூன்றாவது. நாச்சி கை வைத்த இடத்தில் காலம் வேகமாக ஓடும், அவ்வளவுதான். உடம்பு தானாகச் செய்யக்கூடியதை மட்டுமே செய்யும், சீக்கிரம் செய்யும். வேகத்துக்கு நான் போட்ட கணக்கு: அவள் கைக்குக் கீழே ஒரு நாழிகை போனால் காயத்துக்கு ஒரு நாள். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்பதால் அறுபது மடங்கு வேகம். மேசையில் கணக்குப் போட நம் பழைய அளவே கைகொடுக்கிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. உள்ளே போனால்தான் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியும். காயம் ஆறுவது பல கட்டமாக நடப்பது. முதலில் சில நிமிடங்களில் இரத்தம் உறையும். பிறகு சில நாள் வீக்கமும் சூடும். அந்த நேரத்தில்தான் வெள்ளணுக்கள் அழுக்கையும் கிருமியையும் தின்னும். அப்புறம் புதுச் சதை வளரும். அதற்குப் பிறகு ஒரு வருஷம் வரைகூடத் தழும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொண்டே இருக்கும், அப்படியும் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாது. நாச்சி எந்தக் கட்டத்தில் கையை எடுக்கிறாள் என்பது பெரிய முடிவு. கிருமி இருக்கும் காயத்தில் கை வைத்தால் கிருமிக்கும் அதே வேகம். சாதாரணமாக 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும் கிருமி அவள் கைக்குக் கீழே 20 விநாடிக்கு ஒரு தடவை இரட்டிக்கும். அப்படியென்றால் கழுவாமல் தொடவே முடியாது. முறிந்த எலும்பை நேராக வைக்காமல் தொட்டால் கோணலாகவே கூடிவிடும், மறுபடி உடைத்துத்தான் நிமிர்த்த வேண்டும். ஆறு வாரத்தில் கூடும் முன்கை முறிவுக்கு 42 நாழிகை, கிட்டத்தட்ட 17 மணி நேரம். அவ்வளவு நேரம் அசையாமல் ஒரே ஆளோடு உட்கார வேண்டும். வாசலில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா தாதியாக வேலை செய்கிறார். இனிப்புநீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களின் கால்புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அவருக்கு அன்றாட வேலை. மலேசியாவில் 2019 தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் என்பதால் அந்தக் கால்களுக்குக் குறைவே இல்லை. எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டபோது டிஷ்யூவை மேசையில் விரித்துக் காட்டினார். காய்ந்து ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது. உப்புநீர் ஊற்றி ஊற விட வேண்டும். ஊறிய பிறகு நடுவில் தூக்காமல், ஓரத்திலிருந்து தோலோடு படிந்தாற்போல மடித்து மடித்து எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் முளைத்திருக்கும் புதுச் சதையும் துணியோடு வந்துவிடும். "அவங்களுக்கு வலியே தெரியாது, சும்மா ஃபோன் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதான் பயம்" என்றார். நரம்பு உணர்வை இழந்திருக்கிறது, இரத்த ஓட்டமும் குறைவு. அந்தக் காலில் ஒரு மாதத்தை ஒரு நாளாக்கினாலும் புண் ஆறாது, ஒரு மாதம் பழையதாகும், அவ்வளவுதான். நாச்சிக்கு முன்னால் அந்தக் கால் வரும்போது அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டு மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த யோசனை பிடித்துப்போனது அந்த டிஷ்யூவைப் பார்த்த பிறகுதான்.

சாப்பாடும் கணக்கில் வரும். புதுச் சதைக்கு வேண்டிய பொருள் எங்கிருந்தோ வர வேண்டும். துறைமுகத்தில் மாதக்கணக்காகக் கடலில் கிடந்து வந்த மாலுமி இருக்கிறான், பழமோ கீரையோ கண்ணில் பட்டிருக்காது. உயிர்ச்சத்து சி இல்லாவிட்டால் சதையை இணைக்கும் கொலாஜன் சரியாக உருவாகாது. ஸ்கர்வி முற்றினால் என்றைக்கோ ஆறிய பழைய தழும்புகூடத் திறந்துகொள்ளும். அவன்மேல் நாச்சி அவசரப்பட்டுக் கை வைத்தால் காயம் மூடுவதற்குப் பதிலாகப் பழைய காயமும் வாய் திறக்கும். முதலில் நெல்லிக்காய், எலுமிச்சை. சில நாள் பொறுத்துத்தான் கை. இதய நோய்க்கும் இவளால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, செத்துப்போன இதயத் தசை திரும்ப வளராமல் தழும்பாகத்தான் மாறும். கல்லீரல் வளரும். புற்றுக்கட்டியை அவள் தொடவே கூடாது.

டிங்கி காய்ச்சலை நினைத்துப் பாருங்கள். இங்கே அது வராத குடும்பம் குறைவு, பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்லாத பெரியம்மாவும் குறைவு. காய்ச்சல் இறங்கும்போது பிழைத்துவிட்டோம் என்று தோன்றும். ஆபத்தே அப்போதுதான் தொடங்குகிறது: அடுத்த ஒன்று, இரண்டு நாள் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். நாச்சி முழு உடம்பையும் விரைவாக்கினால் அந்த 48 மணி நேரம் 48 நிமிடமாகச் சுருங்கும். இரண்டு நாளில் கவனித்துக் கவனித்துக் கொடுக்க வேண்டிய நீரை இரண்டு நாழிகைக்குள் கொடுக்க வேண்டும். குறைந்தால் சாவு, கூடினால் நுரையீரலில் நீர். பக்கத்தில் குடத்தோடு நிற்பவர் மாலுமியாகவும் இருக்கலாம், ஒற்றனாகவும் இருக்கலாம். மேசையில் உள்ள எல்லாரும் மூச்சுப் பிடித்து ஆடவேண்டிய காட்சி அது.

நான்காவதான காணும் கண்ணைப் பற்றி முதலில் எனக்கும் ஆசை இருந்தது. குணப்படுத்தும் சக்தி எதுவும் இல்லை, உள்ளே என்ன கோளாறு என்று மட்டும் தெரியும். மருந்தை அவள்தான் தேட வேண்டும். துப்பறியும் கதை மாதிரி போகும். என் மனத்தை மாற்றியது இதே கோலாலம்பூரில் நடந்த ஒரு விஷயம். நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி நோயால் ஏராளமானவர்கள் செத்தார்கள். கால் வீங்கும், நடை தளரும், இதயம் நின்றுவிடும். புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிதாக இருந்தது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களிடம் அதிகம். 1905 கடைசியில் வில்லியம் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு வெள்ளை அரிசியும் மறுபாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். கட்டடத்தில் நோய் இருக்குமோ என்ற சந்தேகத்துக்காக நடுவில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றினார். ஒரு வருஷத்தில் வெள்ளை அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் அந்த நோயில் ஒருவரும் சாகவில்லை. சம்மதம் கேட்கப்படாத மனிதர்கள் அவர்கள். அதை நினைக்காமல் இந்தக் கணக்கைச் சொல்லக் கூடாது.

இந்த நோயாளிகளை நாச்சியின் மந்திரக் கண் பார்த்திருந்தால் என்ன கண்டிருக்கும்? கிருமி இல்லை, விஷம் இல்லை, கட்டி இல்லை. அவர்கள் உடம்பில் இருந்த எதுவும் நோய்க்குக் காரணம் இல்லை. தவிட்டோடு போய்விட்ட தயாமின், அதாவது உயிர்ச்சத்து பி1, இல்லாததுதான் காரணம். இல்லாததைக் கண் எப்படிப் பார்க்கும்? இரண்டு பானைச் சோற்றையும் இரண்டு கூட்டத்து ஆட்களையும் ஒப்பிட்டால்தான் அது தெரியும், அதற்கு மந்திரம் தேவை இல்லை. மந்திரக் கண் இருப்பவள் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளவே மாட்டாள். சுலபமானதை அவளுக்காகச் செய்துகொடுத்துவிட்டு, கடினமானதில் கைவிடும் வரம் அது. விளையாட்டை நடத்துபவருக்கும் தொல்லைதான்: "நாச்சி பார்க்கிறாள், என்ன தெரிகிறது?" என்று கேட்டவுடன் அவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும், மர்மம் அங்கேயே உடைந்துவிடும்.

ஆக, என் ஓட்டு மூன்றாவதற்கு. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் டிரசர் என்று ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். பெரிய டாக்டர் வரமுடியாத இடத்தில், கையில் இருக்கும் கொஞ்சம் மருந்தையும் கட்டுத்துணியையும் வைத்துக்கொண்டு, எதை இங்கேயே பார்க்கலாம், எதை உடனே லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தனியாக முடிவெடுத்தவர்கள். என் மனத்தில் இருக்கும் நாச்சி அவர்களைப் போன்றவள். அவளுக்குக் கூடுதலாக ஒரு வேகம் இருக்கிறது, அதை எப்போது பயன்படுத்தக் கூடாது என்று கற்றுக்கொள்வதற்கே அவள் பாதி வாழ்க்கையைச் செலவழித்திருக்கிறாள்.

எதிர்ப்பு ஒன்றை மறைக்கக் கூடாது. சண்டைக்கு நடுவில் இந்தச் சக்தி மிக மெதுவானது. அம்பு தைத்து விழுந்த வில்லாளியை அவள் அந்த நிமிடமே எழுப்ப முடியாது. இரத்தம் உறைவதை மட்டும் விநாடிகளில் முடித்து உயிரைப் பிடித்து வைக்கலாம், எழுந்து நடப்பது மறுநாள்தான். சண்டையே பிரதானம் என்று நினைக்கும் குழுவுக்கு நான் தொட்டவுடன் குணமாகும் முறையைத்தான் சிபாரிசு செய்வேன், பாலடின் கணக்கு அதற்குப் போதும். எங்கள் குழு மாதத்துக்கு ஒரு சண்டை போட்டாலே அதிகம்.

தாளில் எழுத நான் கொண்டுபோகும் விதிகள் இவை. ஒரு நாழிகைக்கு ஒரு நாள். கழுவாத காயத்தில் கை வைத்தால் பகடை உருட்டி, தோற்றால் சீழ். கைக்குக் கீழே மூன்று நாழிகை ஆகும்போதெல்லாம் நோயாளிக்கு ஒரு வேளை சாப்பாடு, இல்லாவிட்டால் அவர் உயிர்ப்புள்ளியில் ஒன்று குறையும். கை வைத்திருக்கும்போது நாச்சிக்கு வழக்கத்தைவிட வேகமாக வயதாகாது, அந்தச் சோகம் வேண்டாம் என்று தெளிவாக எழுதிவிடலாம். பாக்கி இருப்பது நாய்க்கடி. வெறிநாய்க்கடியில் நோய் தெரியவே வாரங்கள், மாதங்கள் ஆகும். கடித்த இடத்தை விரைவாக்கினால் அது நரம்புக்குள் சீக்கிரம் ஏறுமா, முழு உடம்பையும் விரைவாக்கினால்தான் ஆபத்தா என்பதில் தாதி அக்காவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கால் மணி நேரம் கழுவு, கையை மட்டும் வைக்காதே என்கிறார். வேறு யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு நாய் வருகிறது.